மெமரி மிச்சம், பஸ் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளச்சேரியில் மாலை நேரத்தில் பொறியியல் மாணவர்களுக்கு புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி, மாநகரப் பேருந்துகளின் ஜிபிஎஸ் இடங்களை மேப்பில் காட்டும் புராஜெக்டைக் கொண்டுவந்தார். தி.நகரில் நிற்கும் பஸ்ஸும் மயிலாப்பூரில் நிற்கும் பஸ்ஸும் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாகக் காட்டியது. கோடில் தப்பே இல்லை. மெமரியை மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள் என்று அரே (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்) முழுவதையும் 16 பிட் ஃப்ளோட்டாக மாற்றியிருந்தார், அவ்வளவுதான். ஃப்ளோட் என்பது தசமப் புள்ளி உள்ள எண்களை வைக்கும் டைப், பிட் குறைந்தால் மெமரியும் குறையும், துல்லியமும் குறையும்.

நம் ஊர் தீர்க்கரேகை 80 டிகிரியை ஒட்டி வருகிறது. அந்த இடத்தில் 16 பிட் ஃப்ளோட் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு 0.0625 டிகிரி தாவும், தரையில் கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர். நடுவில் இருக்கிற எந்த இடத்தையும் அதால் எழுத முடியாது. 32 பிட் எடுத்தால் அந்தத் தாவல் ஒரு மீட்டருக்கும் குறைவு, பஸ்ஸுக்கு அது தாராளம். ஒரு கோடி எண்களுக்கு 64 பிட்டில் 80 எம்பி ஆகிறது, 32 பிட்டில் 40, 16 பிட்டில் 20. ஏஐ மாடல்கள் 16 பிட்டில் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டு எல்லாவற்றையும் அதில் திணிக்கிறார்கள், அங்கே எண்கள் பெரும்பாலும் சிறியவை, கொஞ்சம் பிசகினாலும் தாங்கும்.

சரி, 32 பிட் போதும் என்று விட்டுவிடவும் முடியாது. கடை விற்பனையை ஒவ்வொரு ரூபாயாக 32 பிட் ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போங்கள், 1,67,77,216 வந்ததும் கூட்டல் நின்றுவிடும், அதன்பிறகு எத்தனை முறை ஒரு ரூபாய் சேர்த்தாலும் தொகை நகராது, எரர் மெசேஜும் வராது. இதற்காக அரேயையே பெரிதாக்க வேண்டாம். அரே 32 பிட்டிலேயே இருக்கட்டும், கூட்டுத்தொகையை மட்டும் 64 பிட்டில் வைத்தால் கூடுதல் செலவு மொத்தமே 4 பைட். நிஜப் பணக் கணக்கு என்றால் ஃப்ளோட்டே வேண்டாம், பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைப்பதுதான் சரி.

லேபில் இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும் முன் "இந்த அரேக்கு ஏன் இந்த டைப்?" என்று ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்திலும் ஒரு வாரம் இதை எழுதுங்கள்.

வாசகர், வேளச்சேரி, சென்னை.