வாசகர் வட்டம்: 2022-23 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஏப்ரல் 2022 முதல் மார்ச் 2023 வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று நின்றது, கரண்ட் இல்லாமல் ஒன்று. மற்றவை மினிட்ஸ் நோட்டில் இருக்கின்றன. நவம்பர் 19 கூட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மறுநாள் கத்தாரில் உலகக்கோப்பைக் கால்பந்து தொடங்க இருந்தது. அங்கே செய்தியாளர்களின் நிலை என்ன என்று பேசுவதுதான் திட்டம். நோட்டீஸில் 'உலகக்கோப்பை மாலை' என்று நான் போட்டுவிட்டதால் பையன்கள் நிறையப் பேர் வந்து, மெஸ்ஸி பெயர் வராததால் பாதியில் எழுந்து போனார்கள். தப்பு என் பேரில்.

அந்த வாரம்தான் டென்மார்க்கின் டிவி2 நிருபர் தோஹா தெருவில் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே காவலர்கள் வந்து, கேமராவை உடைப்போம் என்று மிரட்டினார்கள். அவர் அனுமதி அட்டையை நீட்டிக் காட்டினார். பிறகு அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்து நம்மவர்கள் சிரித்தார்கள். 2021 நவம்பரில் நார்வேயின் என்ஆர்கே டிவி செய்தியாளர்கள் இருவரைக் கத்தாரில் 30 மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்து, எடுத்த காட்சிகளை அழித்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

படப்பிடிப்பு அனுமதிக்கான நிபந்தனைகளையும் வாசித்தோம். குடியிருப்புகள், தனியார் நிறுவனங்கள், தொழிற்பகுதிகள் எதிலும் கேமரா கூடாது என்று அப்போது இருந்தது. தொழிலாளர் கேம்ப் வேறு எங்கே இருக்கிறது? ஸ்டேடியத்தைக் காட்டலாம், அதைக் கட்டியவர் படுக்கும் அறையைக் காட்ட முடியாது.

அந்த அறையைப் பற்றி உள்ளே இருந்தே எழுதியவர் மால்கம் பிடாலி. கென்யாக்காரர், செக்யூரிட்டி வேலை. 'நோவா' என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதினார். 2021 மே மாதம் கைதாகி, ஏறக்குறைய ஒரு மாதம் தனிமைச் சிறையில் இருந்தார். பொய்ச் செய்தி பரப்பியதாக 25,000 ரியால் அபராதம். டிவி நிருபருக்காகப் பேச அவருடைய நிறுவனம் இருந்தது. இவருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த ஊர் கம்பெனி. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் உறுப்பினர் ஒருவர் அங்கே ஆறு வருடம் கம்பி கட்டியவர். "ரூம்ல எட்டுப் பேரு. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பவே பயம். இதுல பேப்பர்காரன்கிட்ட யார் பேசுவா, சொல்லுங்க?" என்றார். கம்பெனி பெயரைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பி நான்கு வருடம் ஆகிறது அவருக்கு.

அப்புறம் ஒரு கல்லூரி மாணவி எழுந்தார். எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2022 பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் கத்தாருக்கு 119ஆவது இடம், இந்தியாவுக்கு 150 என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டியல் போடும் முறையே சரியில்லை என்று இரண்டு பேர் கிளம்ப, ஒன்பது மணிக்கு நூலகத்தைப் பூட்ட வேண்டியிருந்ததால் வாதம் டீக்கடைக்கு மாறியது. அங்கே நடந்தது மினிட்ஸில் இல்லை.

அன்றைய டீச் செலவு உட்பட வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே அவரைப் பார்த்துவிட்டால் நல்லது.

செயலாளர்