எண்ணிப் பாத்தா 287

டேய் சேகரா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலேன்னு கோச்சுக்காத, காரணம் போகப் போக சொல்றேன். கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னு எழுதிருந்த, ரொம்ப சந்தோஷம்டா. ஆனா கண்ணு தெரிஞ்சதும் நீ பண்ண முதல் வேலை உன் ஹியூமிடர, அதான் ஈரப்பதம் காக்கற சுருட்டுப் பெட்டிய, திறந்து பாத்தது, பாத்துட்டு "நாலு ஹியூமிடர் ஆயிடுச்சு, எதுல என்ன இருக்குன்னே தெரியல, நீ எப்படிடா கணக்கு வெச்சிருக்க"ன்னு என்னைப் போய் கேட்ட பாரு, அதான் தமாஷு.

எனக்கும் போன வருஷம் இதே சந்தேகம் வந்துதான் எக்செல் ஷீட்ட திறந்தேன். என் பொண்ணு ஆசையா போட்டுக் குடுத்தது, 22 காலம், அதாவது நெடுக்குக் கட்டம். பேரு, சைஸு, ரிங் கேஜ், மேல சுத்தற இலை ரேப்பர் எந்த ஊரு, அதுக்கு உள்ள கட்டற இலை பைண்டர் எந்த ஊரு, நடுவுல அடைக்கற இலை ஃபில்லர் எந்த ஊரு, மார்க்கு பத்துக்கு எத்தனைன்னு எல்லாம் இருக்கு. கீழ மொத்தம் 341னு காட்டுது. சரி, எதுக்கும் ஒரு தடவை எண்ணிப் பாத்துடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் டைனிங் டேபிள்ல பரப்பி வெச்சு எண்ணினோம், நான் ஒரு தடவை, நம்பிக்கை இல்லாம என் வீட்டுக்காரி ஒரு தடவை. 287. ரெண்டு தடவையும் 287. அப்ப 54 சுருட்டு எங்கடா போச்சு? வீட்டுக்காரி சிரிச்சுக்கிட்டே "புகையா போச்சு"ன்னா. வேற எங்க போகும்.

அன்னிக்குதான் உறைச்சுது. வாங்கினதை எல்லாம் ஒண்ணு விடாம எழுதிருக்கேன், பார்சல் பிரிச்ச கையோட உக்காந்து எழுதிருக்கேன், ஆனா எடுத்ததை எழுதல. பார்சல் வர்ற அன்னிக்கு நமக்கு ஒரு குஷி இருக்கு, அந்த குஷில 22 காலம் என்ன 40 காலம் கூட நிரப்பலாம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, நாலு பேரு பேசிட்டு இருக்கும்போது "இரு ஒண்ணு தர்றேன்"னு எடுத்து நீட்டுவோம்ல, அப்ப எவன்டா போய் கம்ப்யூட்டர ஆன் பண்ணுவான்? கென்னடி கதை உனக்கு தெரியும்ல, 1962ல கியூபா மேல தடை போடறதுக்கு முன்னாடி நாள் தன்னோட பிரஸ் செகரட்டரி பியர் சாலிஞ்சர கூப்பிட்டு 'பெட்டிட் உப்மன்'ங்கற கியூபா சுருட்டு ஆயிரம் வேணும்னு கேட்டாராம், மறுநாள் 1,200 கிடைச்சுதுன்னதும் கையெழுத்து போட்டாராம், சாலிஞ்சரே பின்னாடி சொன்னது. வந்த கணக்கு 1,200ன்னு இன்னிக்கும் எல்லாரும் சொல்றாங்க. கடைசி சுருட்டு என்னிக்கு தீந்துச்சுன்னு நான் எங்கயும் படிச்சதே இல்ல. எல்லா வீட்லயும் இதே கதைதான் போல.

இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கோ. ஒரு சாதா கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். ரெண்டும் ஹியூமிடர் மூடி மேலயே இருக்கும், வேற ரூமுக்கு போகவே கூடாது, அதான் முக்கியம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர், நோட்டுல அந்த நம்பருக்கு ஒரு பக்கம். பக்கத்து மேல பேரு, சைஸு, பெட்டி தேதி, என் வீட்டுக்கு வந்த தேதி, எத்தனை, எந்தத் தட்டு. அதுக்குக் கீழ வெறும் கோடுதான். ஒண்ணு எடுத்தா ஒரு கோடு, நாலு கோடு ஆனா குறுக்க ஒண்ணு, பால் கணக்கு மாதிரி. யாருக்காவது குடுத்தா கோட்டுக்கு மேல அவன் பேரோட முதல் எழுத்து. உன் எழுத்து எத்தனை இருக்குன்னு கேக்காத, நேர்ல பேசிக்கலாம்.

சைஸ கட்டாயம் எழுது, ஏன்னா ஒரே பேர்ல அஞ்சாறு சைஸ் விடறான். ரிங் கேஜ்ங்கறது சுருட்டோட குறுக்களவு, ஒரு இன்ச்சை 64 பங்காக்கினா அதுல எத்தனைங்கற கணக்கு, அதனால 50ன்னா முக்கால் இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. ரொபஸ்டோ பொதுவா அஞ்சு இன்ச் நீளம் 50 ரிங், லான்செரோன்னா ஏழரை இன்ச் 38 ரிங், பென்சில் மாதிரி இருக்கும். ஒல்லியா இருந்தா உள்ள இருக்கிற இலையோட பாக்கறப்ப ரேப்பரோட பங்கு ஜாஸ்தி, ருசி மாறிடும். "இந்த பிராண்ட் நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் எழுதி வெச்சு அடுத்த தடவை வேற சைஸ்ல பெட்டியோட வாங்கி ஏமாந்தது நானேதான். இதுல ஒரு வேடிக்கை பாரு, நம்ம "சுருட்டு"ங்கற வார்த்தைய வெள்ளைக்காரன் எடுத்துட்டு போய் ஷெரூட்னு ஆக்கினான், நான் என்னடான்னா நோட்டுல சைஸுக்கு விட்டோலா, கறுத்த ரேப்பருக்கு மடூரோன்னு ஸ்பானிஷ்ல எழுதிட்டு உக்காந்திருக்கேன். மடூரோன்னா பழுத்ததுன்னு அர்த்தம், அவ்ளோதான் விஷயம்.

பெட்டி தேதின்னு சொன்னேன்ல, கியூபா பெட்டின்னா அடில முத்திரை இருக்கும், எந்த ஃபாக்டரின்னு ஒரு சங்கேத எழுத்து, கீழ மாசமும் வருஷமும். மாசம் ஸ்பானிஷ்ல இருக்கும். முதல் தடவை ஏ.ஜி.ஓ.ன்னு பாத்துட்டு, என்னடா இவன் எத்தனை வருஷத்துக்கு முன்னாடின்னு எழுத வந்து பாதில எந்திரிச்சு போயிட்டானான்னு நினைச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அது ஆகஸ்ட். ஜனவரின்னா ஈ.என்.ஈ., ஏப்ரல்னா ஏ.பி.ஆர். (ABR), டிசம்பர்னா டி.ஐ.சி. ரொம்ப பழைய பெட்டின்னா இது கூட இருக்காது, நிவெலாகூசோன்னு (NIVELACUSO) இங்கிலீஷ்ல ஒரு பத்து எழுத்து சங்கேதம், முதல் எழுத்து 1, ரெண்டாவது 2, அப்படியே போய் கடைசி எழுத்து பூஜ்யம். இந்த தேதிய அப்பவே நோட்டுல ஏத்திடு, பெட்டிய தூக்கிப் போட்ட பிறகு சுருட்ட பாத்து வயசு சொல்ல பிரம்மாவால கூட முடியாது. ஒத்தை ஒத்தையா வாங்கறதுக்கு செலோபேன் மேல சின்னதா பேப்பர் டேப் ஒட்டி மாசம் வருஷம் எழுதிடறேன்.

ருசி பத்தி பக்கம் பக்கமா எழுதறதை விட்டுட்டேன். தோல், காபி, மண் வாசனை, பழைய நோட்டுல எல்லாத்துக்கும் ஒரே மூணு வார்த்தைதான் திரும்பத் திரும்ப இருக்கு, படிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. இப்ப "மறுபடி வாங்கு", "வாங்காத", "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்", இந்த மூணுல ஒண்ணுதான். பக்கத்துல பேண்ட், அதான் சுருட்ட சுத்தி இருக்கிற பேப்பர் பட்டை, அத ஒட்டிடுவேன். பேண்ட அவசரப்பட்டு உரிக்காத, ரேப்பர் கிழிஞ்சுடும், மூணுல ஒரு பங்கு எரியட்டும், அந்த சூட்டுல பசை இளகி தானா வழுக்கிட்டு வரும்.

நோட்டு எவ்ளோ உபயோகம்னு போன மழைக்காலம் முடிஞ்சப்ப தெரிஞ்சுது. ரெண்டு மூணு சுருட்டுல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. பூச்சிடா, புகையிலை வண்டு. அது முட்டை இலைலயே இருக்கும், நம்ம பெட்டி சூடாச்சுன்னா, 24 டிகிரிய தாண்ட ஆரம்பிச்சாலே, பொரிஞ்சு கிளம்பிடும். ஒரு நிமிஷம் கை கால் ஓடல. அப்புறம் நோட்ட புரட்டினா ஓட்டை விழுந்த மூணும் 31ஆம் நம்பர், அதோட அதே பார்சல்ல வந்தது 32, அதே தட்டுல படுத்திருந்தது 28. அந்த மூணையும் ரெட்டை ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல மூணு நாள், அப்புறம் கீழ ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், அப்புறம்தான் வெளிய, ஏன்னா திடீர்னு சூட்டுக்கு கொண்டு வந்தா ரேப்பர் வெடிச்சுடும். நோட்டு இல்லேன்னா 300 சுருட்டையும் ஃப்ரீசர்ல தள்ளிட்டு வீட்டுக்காரிகிட்ட வாங்கி கட்டிருப்பேன்.

இன்னொரு அசட்டுத்தனமும் சொல்லிடறேன். வெள்ளையா பொடி பூத்திருந்துச்சு, ஆகா இது ப்ளூம், சுருட்டு முதிர்ந்துடுச்சுன்னு பெருமையா நாலு பேர்கிட்ட காட்டினேன். பூஞ்சக்காளான்டா அது. ஈரப்பதம் காட்டற ஹைக்ரோமீட்டர் 70 சதவீதம்னு காட்டுது, எப்படி பூஞ்சை வரும்னு பாட்டில் மூடில கொஞ்சம் உப்ப போட்டு ஈர மணல் மாதிரி நனைச்சு, மீட்டரோட ஒரு கவர்ல அடைச்சு ராத்திரி பூரா வெச்சேன். அந்த உப்பு காத்த 75ல நிறுத்தும், மீட்டரும் 75 காட்டணும். என்னுது 70 காட்டுச்சு. அதாவது இத்தனை நாள் நான் 70ன்னு நினைச்சது 75. இப்ப நோட்டு அட்டைலயே "மீட்டர் 5 கம்மி"ன்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சு, 65 கிட்ட நிறுத்தறேன். உன் நாலு மீட்டரையும் இன்னிக்கு ராத்திரியே உப்புல போடு. சொல்ல மறந்துட்டேன், ஹியூமிடருக்கு உள்ள போடற பலகை, ஸ்பானிஷ் சீடர்னு பேரு, அது ஸ்பெயின் மரமும் இல்ல, சீடரும் இல்ல, நம்ம வேப்ப மரத்தோட குடும்பம், எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம்.

இப்ப லேட்டானதுக்கு காரணம். நோட்டுல கோடு போட ஆரம்பிச்சு சரியா ஒரு வருஷம் முடிஞ்சுது, உனக்கு எழுதறதுக்கு முன்னாடி கூட்டிப் பாத்தேன். பிடிச்சது 46. குடுத்தது 11. வந்தது 118. கையில இருக்கிறது, போன வருஷ 287ஓட சேத்து, 348. இன்னிலேருந்து ஒண்ணு கூட வாங்காம இருந்தாலும் நான் மட்டும் பிடிச்சு தீக்க ஏழு வருஷத்துக்கு மேல ஆகும்டா, அப்ப எனக்கு வயசு 65. அதுவும் டாக்டர் இதையும் குறைங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டிருக்காரு, அவர் சொல்றதும் நியாயம்தான். அந்த கணக்க பாத்துட்டு ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்தேன். எல்லாம் வருஷக்கணக்கா வெச்சா நல்லாகும்னு வேற சொல்லிக்கிட்டோம், மைல்டா இருக்கறதெல்லாம் ரொம்ப நாள் வெச்சா மணமே போய் வெறும் பேப்பர் மாதிரி ஆயிடுது, 9ஆம் நம்பர் அப்படித்தான் போச்சு. நல்ல நாளுக்குன்னு எடுத்து வெச்சது, பொண்ணு கல்யாணமும் முடிஞ்சுது, அப்ப ஓடுன ஓட்டத்துல ஞாபகமே வரல.

அதனால 40 பீஸ் தனியா ஒரு பெட்டில எடுத்து வெச்சிருக்கேன், யாருக்கு எதுன்னு நோட்டுல முதல் எழுத்தோட. உனக்கு எட்டு. வரும்போது உன் நோட்டையும் எடுத்துட்டு வா, அதுக்குள்ள நீ போட்டிருந்தா.

ஒரு உதவி. எண்ணும்போது ஒண்ணு மட்டும் எந்த கணக்குலயும் வரல, பேண்ட் இல்ல, டேப் இல்ல, கறுப்பா, தலைப்பக்கம் கூம்பா இருக்கு. என் ஞாபகத்துல நீ 2014ல ரயில் ஏறும்போது சட்டைப்பைலேருந்து எடுத்து குடுத்தது. அதோட ஜோடி உன்கிட்ட இருந்தா பேண்ட போட்டோ எடுத்து அனுப்பு, இல்ல பேரு ஞாபகம் இருந்தா எழுது. இப்போதைக்கு பேருக்கு பதிலா "சே, ரயில்"னு எழுதி வெச்சிருக்கேன், நம்பர் 48.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்,
மணி