டிவி சத்தம் கூடியபோதே கவனித்திருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மறதி நோய் பரம்பரையாக வருவது பற்றி நம் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, "அக்கா, நம்ம தலையிலயும் இதுதான் எழுதியிருக்கு" என்று என் தங்கை போனில் அழுதாள். எங்கள் அம்மா ஒன்பது வருடம் அந்த நோயோடு இருந்து போனவர். தங்கைக்கு 54 வயது. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்தே தீரும் என்று முடிவுகட்டி, தினமும் போய்க்கொண்டிருந்த நடையைக்கூட நிறுத்திவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மரபணுவுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏபிஓஇ (APOE) என்ற மரபணுவின் 'இ4' வகைக்கும், மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு 1993லேயே வெளியானது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. ஏறக்குறைய நிச்சயமாக நோயைக் கொண்டுவரும் மரபணு மாற்றங்கள் வேறு. அவை மிக அபூர்வம், பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே காட்டிவிடும். அம்மாவுக்கு ஆரம்பித்தது 76 வயதில்.

2024ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் (மறதி நோய்களுக்கான பொதுப்பெயர்) ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாமாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. நான் மேலே படிக்க முடியாமல் நின்ற இடம், காது கேளாமை.

அம்மாவுக்கு 65 வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. டிவி சத்தத்தை நாங்கள் குறைப்போம், கொஞ்ச நேரத்தில் அவர் கூட்டுவார். "காது என்ன செவிடா?" என்று நானே கத்தியிருக்கிறேன். காட்டிய டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். பல வருடம் கழித்துக் கருவி வாங்கினோம். கீச்சென்று இரைகிறது என்று கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். அதைத் திரும்பக் கொண்டுபோய் அளவு சரிசெய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சிரித்தால், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு நொடி பிந்தி அவரும் சிரிப்பார். "என்ன சொன்னே?" என்று கேட்பதை அவர் எப்போது விட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் எங்களோடு வந்து உட்காருவதே நின்றுபோனது.

காதால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 70 வயது தாண்டியவர்களுக்குக் கருவி கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால், கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் நினைவும் சிந்தனையும் சரிவது 48 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். சரி, ரத்த அழுத்தம் பார்க்க வருகிறேன் என்றிருக்கிறாள். நானும் என் வலது காதுக்குக் கருவி போட்டு நாலு மாதம் ஆகிறது. இரண்டு தடவை கொண்டுபோய்ச் சரிசெய்த பிறகுதான் இரைச்சல் நின்றது. அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது, காதுப் பரிசோதனை பற்றியும் அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்