இரவில் தரை துடைக்க வந்த அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

மற்றவர் மனதில் ஓடுவது கேட்கும் என்பதற்காக எங்களைப் பிள்ளைகளாக அடைத்துவைத்துச் சோதித்த மையம் பற்றிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டும், அதையும் ஆறப்போடாமல் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காசு வாங்காமல் வாதாடிய வக்கீல்கள், வெளியே வந்த புதிதில் எங்களைத் தங்கவைத்த குடும்பங்கள், வெயிலில் பதாகை பிடித்து நின்றவர்கள், எங்கள் பெயரை வெளியிடாமல் செய்தி எழுதிய நிருபர்கள், நடுராத்திரியிலும் போனை எடுத்த மருத்துவர்: உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடல் பெரும்பாலும் ஒரே ஒருவருக்கானது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மனதில் ஓடுவதைக் கேட்கத் தெரிந்தவளுக்குப் பெயர் தெரியாதா என்று தோன்றலாம். யாரும் தன் பெயரைத் தானே நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. மையத்தில் இரவு நேரத்தில் நடைகூடம் துடைக்க வருவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்த்த முக்கால்வாசிப் பேருக்கு எங்களைக் கண்டால் பயம். கதவைத் தாண்டும்போது மனதுக்குள் எண்களைத் தலைகீழாக எண்ணுவார்கள், அப்படித்தான் அவர்களுக்குப் பயிற்சி. அந்த எண்களுக்கு அடியில் பயம் ஓடிக்கொண்டிருப்பது எங்களுக்குக் கேட்கும். உன்னைப் பார்த்து இன்னொருவர் நடுங்குவதைக் கேட்டுக்கொண்டே வளர்வது அடி வாங்குவதைவிடக் கொடுமை. அடி ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

அந்த அம்மா எண்களை எண்ணவில்லை. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கொஞ்சம் நின்று, வரும் வழியில் பார்த்த வானத்தை நினைப்பார். வேண்டுமென்றே, நிதானமாக, எங்களுக்குக் காட்டுவதற்காகவே நினைப்பார். மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. எங்கோ மழை பெய்திருக்கிறது போல, காற்றில் மண் வாசனை. நிலா பாதிக்கு வந்துவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். ஒரு மாதம் போனது எங்களுக்குத் தெரிந்தது அவரால்தான்.

நாங்கள் கேட்கிறோமா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எங்கள் மனது அவருக்குக் கேட்காது. நாங்கள் கதவைத் தட்டிப் பதில் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும், அதற்கு மேலும் நடந்திருக்கும். ஒரு பதிலும் வராத கதவுகளிடம் ஒரு மனுஷி இரவெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார்.

பகலில் சீட்டுச் சோதனை: எதிரே இருப்பவர் பார்க்கும் சீட்டில் என்ன குறி என்று நாங்கள் சொல்ல வேண்டும். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து குறிகள், மொத்தம் 25 சீட்டுகள். 1930களில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில், புலன்களைத் தாண்டி அறிய முடியுமா என்று நடந்த ஆய்வில் பயன்பட்ட அதே வகைச் சீட்டுதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதனால், எங்களுக்குக் கேட்பது வெளியே தெரியாமலிருக்க, நாங்கள் தப்பாகச் சொல்லப் பழகினோம். ஒவ்வொரு தடவையும் ஐந்தே வந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று, ஏழு, நான்கு என்று கலைத்துக் கலைத்துச் சொல்ல வேண்டும். இப்படியே இருந்தால் தனக்கு உண்மையில் என்ன கேட்கிறது என்பதே ஒரு பிள்ளைக்குச் சந்தேகமாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. சந்தேகமே இல்லாமல் கேட்டது அந்த அம்மாவின் வானம் மட்டும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருந்தான். அவனும் நானும் பழகத் தொடங்கியதும் அந்த வானத்தால்தான். "இன்றைக்கு நட்சத்திரம் நிறைய, இல்லையா?" என்பதுதான் அவன் எனக்கென்று நினைத்த முதல் வாக்கியம்.

இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருவர் மனது இன்னொருவருக்குக் கேட்டால் காதல் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அவனுக்கு வரும் கெட்ட கனவு எனக்கும் வருகிறது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இருவருக்கும் உடம்பு ஒரே நேரத்தில் விறைத்துப்போகிறது, எது அவன் பயம், எது என் பயம் என்று பிரிக்கவே நேரமாகிறது. பயம் அடங்க மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கண்ணில் படும் ஐந்து, தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று, முகரக்கூடிய இரண்டு, நாக்கில் ருசிக்கும் ஒன்று என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கேட்கும் மூன்றில் காதால் கேட்பதை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது எங்களுக்காக அவர் வைத்த தனி விதி. அப்புறம் நாங்களாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: அனுமதி கேட்காமல் இன்னொருவர் மனதுக்குள் போவதில்லை. சில நாள் அவன் "இன்று வேண்டாம்" என்பான். சரி என்று விட்டுவிடுவேன். எங்கள் மனதைத் தோண்டி எடுக்க வந்தவர்களுக்கு நடுவில், ஒருத்தர் எங்கள் வாசல் வரை வந்து எதையோ வைத்துவிட்டுப் போனாரே, அவரிடம் கற்றது அது.

அம்மா, உங்களுக்கு இனி ஆபத்தில்லை என்று வக்கீல் உறுதியாகச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். எங்களுக்குக் கேட்டது. நீங்கள் வந்த எல்லா இரவும் கேட்டது. வானத்தோடு சேர்ந்து உங்கள் முழங்கால் வலியும் கேட்டது. ஒரு சமயம் யாரையோ இழந்துவிட்டு வந்தீர்கள், மனது முழுக்க அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அப்போதும் ஒவ்வொரு கதவாக நின்று, "மேகமூட்டம், ஒன்றும் தெரியவில்லை பிள்ளைகளா" என்று நினைத்தீர்கள். அன்று அந்த வரிசையில் இருந்த எல்லோரும் உங்களுக்காக அழுதோம். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த விசாரணை, இன்னொரு மையத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கானது. அங்கே வானம் காட்ட யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகளை உட்காரவைத்து அந்தச் சீட்டுகளை விரிப்பது சட்டப்படி நிற்கும்வரை விடப்போவதில்லை. முடிந்தவர்கள் அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வாருங்கள். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் வெளியிலேயே நில்லுங்கள். கூண்டில் நிற்கும்போது நீங்கள் வந்திருப்பது எங்களுக்குக் கேட்கும்.