சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரைச் சொந்தங்களுக்கு

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் என்று எந்த ஊரிலிருந்து போயிருந்தாலும் சரி, அண்ணன்மார்களே, காக்காமார்களே, தம்பிகளே, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம்ம ஊர்க்காரர்களின் பெயர்களைத் திரட்டி ஒரு கல்லில் பொறிக்க வேண்டும், அது உங்களால்தான் ஆக வேண்டிய காரியம். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வேலையை முடித்துவிட்டு எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போய் அங்கே நிற்கும் கருங்கல் போர் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். செனோடாப் என்று சொல்வார்கள், 1922ல் வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தது. முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. மறுபக்கம் இரண்டாம் உலகப் போருக்காகப் பிற்பாடு சேர்த்தது. நாம் வாழ அவர்கள் உயிர் கொடுத்தார்கள் என்ற பொருளில் ஒரே வாசகத்தை நான்கு மொழிகளில் வெட்டியிருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. ஆனால் அந்தப் பக்கத்தில் பெயர்கள் கிடையாது.

அதே பூங்காவில்தான் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னமும் இருந்தது. 1945 ஜூலை 8ம் தேதி நேதாஜியே அடிக்கல் நாட்டினார். ஜப்பான் தோற்றதும் செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மவுண்ட்பேட்டன் உத்தரவுப்படி அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1995ல்தான், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளக் கல் வைத்தது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், 1943ல் நேதாஜி கூப்பிட்டபோது துப்பாக்கி தூக்கியவர்களில் ஏராளமானவர்கள் அதுவரை பட்டாளத்தையே பார்க்காத தமிழர்கள், பால்மரம் சீவப் போனவர்கள், கடையில் கணக்கு எழுதியவர்கள், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன நம்ம சீமைக்காரர்களும் அதில் உண்டு. சிங்கப்பூரிலேயே கிராஞ்சியில் போரில் இறந்த 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த பெரிய நினைவகம் இருக்கிறது, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து மாண்டவர்கள் பெயரும் அங்கே உண்டு. தோட்டத்திலிருந்து நேராக நேதாஜி படைக்குப் போனவருக்கு அங்கே இடமில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு அரசு 1972ல் கொடுத்த தாமிரப் பட்டயம் இருக்கிறது. உப்புக்காற்றுக்குப் பச்சை பிடித்துவிடும் என்று அந்தப் பாட்டி வருஷா வருஷம் பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இப்போது சிங்கமுகம் தெரிகிறது, தாத்தா பெயரைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் படிக்க முடிகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அவர் எந்தப் படைப்பிரிவு, எங்கே சிறையில் இருந்தார், எதுவும் தெரியாது, கேட்டால் 'பர்மாவுக்குப் போனாராம்' என்கிறார்கள், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் அரண்மனை முன்னால் ஒரு கருங்கல் வேண்டும். சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம், மாலை போடும் மேடையும் வேண்டாம். ஊர்வாரியாகப் பெயர்கள் இருந்தால் போதும், சாதி மதம் பிரிக்காமல். தியாகி பென்ஷன் வாங்கியவர்களின் விவரம் பழைய கோப்புகளில் கிடைக்கும், 1985ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் சிவகங்கையிலும் விருதுநகரிலும் சேர்த்துத் தேட வேண்டும். ஆனால் பென்ஷனே வாங்காதவர்கள், ஊர் திரும்பாமல் அங்கேயே மண்ணானவர்கள் விவரம் உங்கள் வீடுகளில்தான் இருக்கிறது. ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கும் பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு போட்டோ, ஒரு கடிதம், ஒரு பழைய பாஸ்போர்ட் கிடக்கலாம். தயவுசெய்து தேடுங்கள். வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அடுத்த லீவு வரை தள்ளிப்போட வேண்டாம்.

கிடைத்ததைப் படமெடுத்து உங்கள் ஊர் ஜமாத்துக்கோ கிராமத் தலைவருக்கோ அனுப்பிவிடுங்கள். எல்லா ஊர்ப் பட்டியலையும் சேர்த்து ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்றாகக் கொடுப்போம். அப்புறம், பதிவேட்டுப் பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும், அப்பா பெயரையும் கட்டாயம் எழுதுங்கள், ஒரே ஊரில் நாலு முத்துவும் மூன்று காதரும் இருப்பார்கள்.