கேஷ் கன்டெய்னரைப் பராமரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வீட்டில் நான்கு கணினிகள் இருக்கின்றன. நூறு ஜிபி விளையாட்டை ஒரு கணினி இணையத்திலிருந்து இறக்கிவிட்டால், மற்ற மூன்றும் அதை வீட்டுச் சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் பதிவிறக்கியவற்றைச் சேமித்துவைத்து மீண்டும் தரும் உங்கள் கேஷ் கன்டெய்னரை (தனித்து இயங்கும் மென்பொருள் பொதியை) நிறுவினேன். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரின் பட்டியலில் அது மூன்று வாரங்களாக இயங்கிக்கொண்டிருப்பதாகவே காட்டியது. பதிவிறக்கங்களும் தடையின்றி முடிந்தன. ஆனால் அவற்றில் ஒரு கோப்புகூடக் கேஷிலிருந்து வரவில்லை என்பது, மாதத்துக்கான டேட்டா தீர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. கேஷ் ஒதுங்கி நின்றாலும் கோப்புகள் நேராக இணையத்திலிருந்து வந்துவிடுவதால், பழுது இருப்பதே பயனருக்குத் தெரிவதில்லை. என் முறையீடு இதைப் பற்றியதே.

இணையப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவைக்குரிய 53ஆம் போர்ட்டை, லினக்ஸின் உள்சேவையான சிஸ்டம்டி‑ரிசால்வ்டு முன்பே பிடித்துவைத்திருந்தால் பதிவிறக்கங்களைக் கேஷுக்குத் திருப்பும் உங்கள் டிஎன்எஸ் கன்டெய்னர் எழும்பாமலே நின்றுவிடும். காரணம் உடனே விளங்கும். எனக்கு நேர்ந்தது அதுவன்று. இரண்டாவது கணினியில் அதே விளையாட்டை இறக்கவிட்டு, சர்வரின் பதிவேடான லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மிஸ்’ (கேஷில் இல்லை) என்று வந்திருந்தாலும் ஆறுதல் அடைந்திருப்பேன். ஒரு வரியும் வரவில்லை. டிஎன்எஸ்ஸின் பதிலைக் காட்டும் என்எஸ்லுக்கப் கட்டளையில் பதிவிறக்க முகவரியைக் கேட்டால், 192.168 என்று தொடங்கும் என் சர்வரின் எண் வராமல் வெளி இணையத்தின் எண் வந்தது. கணினிகளுக்கு முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் உங்கள் டிஎன்எஸ்ஸை மட்டுமே கொடுத்திருந்தேன். அதே ரவுட்டரோ புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாக இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையும் எல்லாக் கணினிகளுக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பை நிறுத்திக் கணினிகளை மீண்டும் இணைத்ததும் லாக்கில் வரிகள் கொட்டத் தொடங்கின.

அடுத்த மாதம் வேறொரு தொல்லை. மின்சாரம் போய் வந்தபோது, கேஷுக்கென ஒதுக்கிய 2 டிபி வட்டு மவுன்ட் ஆகும் (தன் கோப்புறையுடன் இணையும்) முன்பே டாக்கர் கன்டெய்னரைத் தொடங்கிவிட்டது. வட்டு இல்லாத இடத்தில் இருந்த வெறும் கோப்புறையில் கன்டெய்னர் எழுதத் தொடங்கியது. வட்டு பின்னர் வந்து மவுன்ட் ஆனது கன்டெய்னருக்குத் தெரியவில்லை. இயங்குதளம் இருந்த 120 ஜிபி வட்டு நிரம்பியது. நிரப்பிய கோப்புகள் மவுன்ட்டுக்கு அடியில் மறைந்துகிடந்ததால், வட்டின் மொத்தப் பயன்பாட்டைச் சொல்லும் டிஎஃப் காட்டிய கணக்கும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியூ காட்டிய கணக்கும் ஒத்துவராமல் ஒரு மாலை முழுவதும் வீணானது.

ஆகவே இரண்டு மாற்றங்களைக் கோருகிறேன். முதலாவது, கேஷ் வட்டில் பயனர் ஓர் அடையாளக் கோப்பை வைக்கவும், அது கண்ணில் படாவிட்டால் கன்டெய்னர் தொடங்க மறுக்கவும் வழி செய்யுங்கள். இரண்டாவது, எத்தனை டிஎன்எஸ் கேள்விகள் வந்தன, எத்தனை பதிவிறக்கக் கோரிக்கைகள் வந்தன, அவற்றில் ‘ஹிட்’ (கேஷிலிருந்தே கொடுத்தவை) எத்தனை என்பதை நாள்தோறும் ஒரே வரியில் லாக்கில் எழுதுங்கள். கேள்வியே வரவில்லை என்றால் ரவுட்டரைப் பார்ப்போம். கேள்வி வந்தும் கோரிக்கை வரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பார்ப்போம். 443ஆம் போர்ட் வழியாக மறையாக்கத்துடன் செல்பவற்றைக் கேஷில் வைக்க இயலாது என்பதை அறிவேன். அதற்காக உங்களைக் குறைசொல்லவில்லை.

அடையாளக் கோப்பைச் சரிபார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, என் சர்வரில் பயன்படுத்தி வருகிறேன். நீங்கள் இசைந்தால் அதை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கன்டெய்னரை இன்னும் பயன்படுத்தும் ஒருவர்