கையை விடுங்கள், காலைக் கவனியுங்கள்

குமரி மாவட்ட ஜிம்களில் பயிற்சி தரும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். போன வருடம் ஒரு ஜிம்மில், உட்கார்ந்து துடுப்பு போடுவதுபோல் கைப்பிடியை இழுக்கும் ரோயிங் மெஷினில் ஏறினேன். "துடுப்பு போடுற ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரணுமா?" என்று மெஷினின் விசிறிப் பக்கத்தில் இருக்கும் டேம்பர் என்ற நெம்புகோலை உச்ச அளவான பத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். மூன்றே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்தக் கேள்விதான் தப்பு. எங்கள் வள்ளத்தில் உட்காரும் பலகை அசையாது. முதுகும் கையும்தான் துடுப்பை இழுக்கும். மெஷினிலோ இருக்கை ஓடுகிறது. அது ஓடுவதே கால் உதைப்பதற்காகத்தான். பழக்கதோஷத்தில் முதலில் கையை மடக்குகிற கடற்கரைப் பையன்களுக்குத்தான் நீங்கள் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும்.

முதலில் கால், அடுத்து இடுப்பிலிருந்து உடம்பு, கடைசியில் கை. திரும்பும்போது கை நீள வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே கால் மடங்க வேண்டும். கால் முந்திக்கொண்டால் கைப்பிடியை முழங்காலுக்கு மேலே தூக்கித்தான் கொண்டுபோக முடியும். கைப்பிடியோடு இணைந்த சங்கிலி மேலும் கீழும் ஆடும். பக்கவாட்டில் நின்று சங்கிலியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

எனக்கு நடந்தது வேறு. காலை உதைத்ததும் இருக்கை மட்டும் பின்னால் போனது, கைப்பிடி அங்கேயே நின்றது. உதைத்த பலமெல்லாம் வீண். குனிந்த முதுகு தனியாக அத்தனையையும் இழுத்தது. இருக்கையும் கைப்பிடியும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்று அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது தினமும் கையை நீட்டியபடி காலால் மட்டும் 10 இழுப்பு, அப்புறம் உடம்பையும் சேர்த்து 10, பிறகுதான் முழு இழுப்பு. வலி திரும்ப வரவில்லை.

டேம்பர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். அது விசிறிக்குள் போகும் காற்றின் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். பத்து என்றால் கனத்த படகை இழுப்பது போல. புதியவர்களுக்கு 3 முதல் 5 வரை போதும். நிமிடத்துக்கு 20 இழுப்பு, உதைக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துத் திரும்புவது, இதுவே ஆரம்பத்துக்கு நல்ல வேகம்.

புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் 15 நிமிடம் ஒதுக்குங்கள். அடுத்த மாதம் அப்பாவை அழைத்து வரலாம் என்றிருக்கிறேன். நாற்பது வருடம் கடலில் துடுப்பு போட்டவர். அவரிடமும் தயங்காமல் சொல்லுங்கள், முதலில் கால் என்று.

அன்புடன்,
ஒரு கடற்கரை ஊர்க்காரன்